தாரணி சொன்ன மூன்று

"இன்று கால் பிடிப்பு எவ்வளவு?" என்று மருந்து டப்பா கேட்டது. "பூஜ்யம் முதல் பத்துக்குள் சொல்லுங்கள்."

"ரெண்டு" என்றேன்.

"நேற்றும் ரெண்டு. முந்தாநாளும் ரெண்டு. ஆனால் தாரணி அம்மா சமையலறைக்குள் நடந்து வந்த சத்தம் ரெண்டு மாதிரி இல்லையே."

"சத்தத்தை வெச்செல்லாம் விலை பேசாதே. சரி போ, ரெண்டரை."

"மூன்றரை."

"மூணு. அதுக்கு மேல ஒரு நூல் ஏற மாட்டேன்."

"மூன்று. பதிந்துகொண்டேன்" என்றது டப்பா. பதிந்துகொண்டது மூன்று அல்ல. அது எனக்கும் ஓரளவு தெரியும். சந்தையில் எதிராளி மனசுக்குள் என்ன நினைக்கிறான் என்று தெரிந்துகொண்டே தலையாட்டுவதில்லையா, அந்த மாதிரி.

தோசைக்கல்லின் முன்னால் நின்றிருந்த தாரணி திரும்பிப் பார்த்தாள். "ஏனுங்க, பிடிக்கறது எங்காலு. நீங்களும் அதுவும் சேர்ந்து ஏலம் விட்டுட்டிருக்கீங்க."

நான் ஈரோட்டில் மஞ்சள் மண்டித் தரகன். பெயர் பூபதி. எங்கள் வீட்டில் யாரும் எதற்கும் முதல் தடவையிலேயே உள்ளதைச் சொன்னதில்லை. மணி என்ன என்று கேட்டால்கூடப் பத்து நிமிஷம் கூட்டியோ குறைத்தோதான் சொல்வோம். சின்ன வயசில் எனக்குக் காய்ச்சல் என்று அம்மா நூற்றிரண்டு சொல்வாள். அப்பா தொண்ணூற்றொன்பதுக்குக் கேட்பார். நூறரையில் முடிந்து டாக்டரிடம் போவோம். இப்போது மண்டியில் மஞ்சளை முகர்ந்து பார்த்துத் தரம் சொல்லும் கருவி வந்துவிட்டது, லாரிக்கு டிரைவர் இல்லை, அன்றைய விலை சுவரில் ஓடுகிறது. இருந்தும் அந்தத் திரையின் அடியில் நின்றுகொண்டு நாங்கள் இன்னமும் பேரம் பேசுகிறோம். விலைக்காக இல்லை. பேசாமல் வாங்கினால் கை கூசும்.

தாரணி பள்ளிக்கூட வாத்தியார் வீட்டுப் பெண். கேட்டால் உள்ளதைச் சொல்லிவிடுவாள். கல்யாணமான புதிதில் மண்டிக்கு வந்த ஒரு வியாபாரி, "இது போன வருசத்துச் சரக்காம்மா?" என்று பேச்சுவாக்கில் கேட்க, "ஆமாங்க" என்று சொல்லிவிட்டாள். அதோடு நான் அவளை மண்டிப் பக்கம் கூட்டிப் போவதை நிறுத்திவிட்டேன். எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. வீட்டில் பேச நான் ஒருத்தன், உள்ளதைச் சொல்ல அவள் ஒருத்தி. இருபத்திரண்டு வருஷம் அப்படித்தான் ஓடியது.

அவளுக்கு ரத்தப் புற்றுநோய் என்று தெரிந்தபோது, ஆஸ்பத்திரியில் எங்களை உட்கார வைத்து விளக்கியவர் ஜெசிந்தா சிஸ்டர். நாகர்கோவில்காரர். அவசரமே இல்லாமல் பேசுவார்.

"பயப்படாதீங்க அண்ணா. இது மெதுவாப் போற வகை. அக்காவோட ரத்த அணுக்குள்ள தப்பான புரதம் ஒண்ணு பொறந்திருக்கு. அது ஓயாம 'பெருகு, பெருகு'ன்னு சத்தம் போட்டுட்டே இருக்கு. இந்த மாத்திரை ஒடம்பு பூராவும் போய் அடிக்காது. நேராப் போய் அந்த வாயை மட்டும் பொத்தும்."

"எத்தனை நாளைக்குங்க?"

"தெனமும். பொத்தின கையை எடுத்தா மறுபடி கத்த ஆரம்பிச்சிரும். சாப்பாட்டோட, ஒரு சொம்பு தண்ணியோட, ஒரே நேரத்துல. ஒரு நாள் விட்டுப்போச்சுன்னா மறுநாள் ரெண்டாப் போடக் கூடாது. நீங்களா நிறுத்தவும் கூடாது. வயித்தெரிச்சல் மாத்திரை, நாட்டு மருந்துப் பொடி, எதுவானாலும் என்கிட்ட கேட்டுட்டுத்தான். பம்பளிமாஸ் பழம் ஆகாது. மருந்து ஒடம்புல தேங்கிரும்."

"மஞ்சள்?"

"கொழம்புல போடற அளவு போதும். மஞ்சள் சத்து மாத்திரைன்னு விக்கறாங்களே, அது வேண்டாம்."

"எம் பொழப்பையே வேண்டாங்கறீங்க" என்றேன். தாரணி சிரித்தாள். ஆஸ்பத்திரிக்குள் நுழைந்த பிறகு அதுதான் அவள் முதல் சிரிப்பு.

பிறகு டப்பாவைக் காட்டினார்கள். மிக்ஸி அளவுதான் இருக்கும். கடையில் அட்டை அட்டையாக வாங்கும் மாத்திரை எல்லோருக்கும் ஒரே அளவு. இது அப்படி இல்லை. காலைச் சாப்பாடு ஆனதும் விரலை வைத்தால் ஒரு சொட்டு ரத்தம் எடுக்கும். எடை பார்க்கும். ஐந்து கேள்வி கேட்கும். அப்புறம் அன்றைக்கு அந்த உடம்புக்கு எவ்வளவு வேண்டுமோ அவ்வளவை மட்டும் ஒரே மாத்திரையாக அழுத்தித் தரும்.

"ரத்தம் பாதிதான் சொல்லும் அண்ணா" என்றார் ஜெசிந்தா. "கொமட்டுதா, கால் பிடிக்குதா, மூச்சு வாங்குதா, இதெல்லாம் வாய்தான் சொல்லணும். தொந்தரவு நாலுக்கு மேல போனா அளவைக் கொறைக்கும். ரொம்பப் போனா ஒண்ணு ரெண்டு நாள் நிறுத்தும். ஒடம்புக்கு ஓய்வு. அதுவும் வைத்தியந்தான்."

அவர் சொன்னது வைத்தியம். எனக்குக் கேட்டது வேறு: எண் ஏறினால் சரக்கு வராது.

முதல் வாரமே அது நடந்தது. பிடிப்பு எவ்வளவு என்று டப்பா கேட்டது. தாரணி வழக்கம்போல உள்ளதைச் சொன்னாள். "ஏழு." டப்பா கொஞ்சம் யோசித்துவிட்டு, "இன்று மாத்திரை இல்லை. நாளை பார்ப்போம்" என்றது. அவள் சரி என்று எழுந்து போய்த் துணி துவைக்கப் போட்டாள். உள்ளே புரதம் கத்திக்கொண்டிருக்கிறது, பொத்த வேண்டிய கை இன்றைக்கு லீவு போட்டிருக்கிறது! மறுநாள் காலையில் அவளுக்கு முன்னால் போய் நின்றேன்.

"இனிமே நான் பேசறேன்."

"நோவு எனக்குங்க."

"நோவு உனக்கு. பேச்சு எனக்கு. உன்னைப் பேச விட்டா கடைக்காரன் கதவைச் சாத்திட்டுப் போயிருவான்."

வீட்டார் யார் வேண்டுமானாலும் பதில் சொல்லலாம் என்று டப்பாவுக்கு அனுமதி இருந்தது. முடியாமல் படுத்திருப்பவர்களுக்காக வைத்த வசதி. நான் அதில் புகுந்துகொண்டேன். அவளுக்கு ஐந்து என்றால் நான் ரெண்டு சொன்னேன். மாத்திரை முழுசாக விழுந்தது. எனக்கு மண்டியில் ஒரு மூட்டை மஞ்சளைப் பேசி முடித்த மாதிரி இருந்தது.

ஆனால் மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஆஸ்பத்திரியில் தாரணியே வாயைத் திறப்பாள். டாக்டர் கேட்பார், காலைத் தொட்டுப் பார்ப்பார், வீக்கத்தை அளப்பார். அந்த எண் டப்பாவுக்குப் போகும். டப்பா அதையும் நான் சொன்னதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தது. வீட்டில் ரெண்டு என்றால் ஆஸ்பத்திரியில் ஐந்து என்று ஆறு மாதத்தில் பிடித்துவிட்டது. அதிலிருந்து நான் ரெண்டு சொன்னால் ஐந்துக்கு உண்டான மாத்திரையைத் தந்தது.

எனக்குக் கோபம் வரவில்லை. சந்தோஷமாகக்கூட இருந்தது. "பாத்தியா தாரணி, நம்ம டப்பா வியாபாரி ஆயிருச்சு!" என்றேன். கேள்வி கேட்கும் விதமே மாறிவிட்டது. இழுத்துப் பேசும். நான் சொன்னதைத் திருப்பிச் சொல்லிச் சும்மா இருக்கும், நானே தடுமாறி அரை ஏற்றட்டும் என்று. இந்த ஊரில் அப்படிப் பேசத் தெரிந்தவர்கள் நாலு பேர்தான் மிச்சம். ஐந்தாவதாக இது வந்தது. காலை எட்டரை மணியை நான் எதிர்பார்க்க ஆரம்பித்தேன்.

மாத்திரையைக் கண்ணால் பார்த்தே எடை சொல்வேன் நான். அது சிறுத்தால் மறுநாள் என் எண்ணும் இறங்கும். ரெண்டு ஒன்றரை ஆயிற்று, ஒன்றரை ஒன்று ஆயிற்று. நான் இறங்க இறங்க டப்பா உள்ளே ஏற்றிக்கொண்டே போனது.

எங்கள் இரண்டு பேருக்கும் தெரியாமல் இன்னொன்று நடந்துகொண்டிருந்தது. தாரணியின் உடம்பு மருந்துக்குப் பழகிவிட்டது. மூன்றாவது வருஷம் அவள் கால் பிடிப்பு உண்மையிலேயே ஒன்று, ஒன்றரைதான். ரத்தத்திலும் நோய் தேடினால் கிடைக்காத அளவுக்குப் போயிருந்தது. தேறிவிட்டாள் என்று ஆஸ்பத்திரி வரச் சொல்வதை ஆறு மாதத்துக்கு ஒருமுறை என்று தள்ளி வைத்தது. டப்பாவின் கணக்கைத் திருத்த அங்கிருந்து எண் வருவதும் அதோடு அரிதாகிவிட்டது. நான் காலையில் "ஒண்ணு" என்று சொன்னபோது, என் பிறவியில் முதல் தடவையாக, என்னை அறியாமல் உள்ளதைச் சொல்லிக்கொண்டிருந்தேன். டப்பா அதை ஐந்து என்று எடுத்துக்கொண்டு மாத்திரையைச் சுருக்கியது. நான் அரைக்கு இறங்கினேன். அது இன்னும் சுருக்கியது.

தை மாசம் சரக்கு பார்க்க நான் மகாராஷ்டிராவில் மஞ்சள் விளையும் சாங்லிக்குப் போனேன். மூன்று வாரம். டப்பாவின் முன்னால் தாரணி தனியாக உட்கார்ந்தாள்.

அந்த வாரம் அவளுக்குக் கொஞ்சம் பிடிப்பு இருந்திருக்கிறது. "மூணு" என்று சொன்னாள்.

அரை என்றாலே ஆறுக்குக் குறையாது என்று பழகிய டப்பாவுக்கு, அந்த வீட்டிலிருந்து மூன்று என்று ஒரு சொல் வந்தால் அது என்ன செய்யும்? ஆள் துடித்துக்கொண்டிருக்கிறாள் என்றுதான் எடுத்துக்கொண்டது. "இன்று மாத்திரை இல்லை" என்றது. மறுநாளும் அவள் மூன்று சொன்னாள். அதற்கடுத்த நாளும். பத்தொன்பது நாள்.

நான் சாங்லியிலிருந்து தினமும் போன் செய்தேன். "மாத்திரை குடுத்துச்சா?"

"குடுத்துச்சுங்க."

"ஒழுங்காச் சொல்லு."

"குடுத்துச்சுன்னுதான் சொல்றனல்லொ. நீங்க சரக்கப் பாருங்க."

வந்த பிறகு கேட்டேன், ஏன் அப்படிச் சொன்னாய் என்று. "ஓய்வும் வைத்தியந்தான்னு சிஸ்டர் சொன்னாங்கல்ல. உங்ககிட்டச் சொன்னா சாங்லியில இருந்தே டப்பாகூடச் சண்டை போடுவீங்க" என்றாள். இருபத்தைந்து வருஷம் என்னோடு இருந்து அவள் கற்றுக்கொண்டது அந்த ஒரு பொய்தான்.

பத்தொன்பதாம் நாள் ஆஸ்பத்திரியிலிருந்து ஜெசிந்தா கூப்பிட்டார். ஆயிரக்கணக்கான டப்பாக்கள் தினமும் செய்தி அனுப்பும். ஓய்வு என்று வந்தால் யாரும் நின்று பார்ப்பதில்லை. அவர்தான் நின்று பார்த்திருக்கிறார். நான் ஓடி வந்தேன். பரிசோதனை முடிவு வர ஒரு வாரம் ஆயிற்று.

"வாயைப் பொத்திட்டிருந்தோம்னு சொன்னேன்ல அண்ணா" என்றார். கையில் பேனா இருந்தது. அதன் மூடியைக் கழற்றிக் கழற்றிப் போட்டார். "ஒரு வருஷமா அரைகுறையாப் பொத்திட்டு இருந்திருக்கோம். அப்புறம் கையையே எடுத்துட்டோம். இப்ப அந்தப் புரதத்துக்கு வாய் வேற எடத்துல முளைச்சிருக்கு. பழைய மாத்திரை அதைத் தேடிப் போய் வெறுங்காத்தத்தான் பொத்தும்."

"டப்பா ஏனுங்க அப்படிச் செஞ்சுது?"

அவர் தாரணியைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். "டப்பா தப்புப் பண்ணல அண்ணா. அதுக்கு நீங்க என்ன சொல்லிக் குடுத்தீங்களோ அதைப் படிச்சிருக்கு. உங்க வீட்டுச் சொல்லுக்குப் பன்னெண்டு மடங்கு வரைக்கும் ஏத்தி வெச்சிருக்கு."



வேறு மருந்து இருந்தது. இன்னும் பலமானது. புதுசாக முளைத்த வாயையும் பொத்தும். ஆனால் கூடிப்போனால் ரத்தக் குழாய் அடைத்துக்கொள்ளும், குறைந்துபோனால் நோய் முந்திக்கொள்ளும். நடுவில் இருக்கும் பாதை தலைமுடி அகலம். அதில் நடக்க, தினமும் காலையில் உள்ளதை உள்ளபடி சொல்ல ஒரு வாய் வேண்டும், அதை அப்படியே எடுத்துக்கொள்ள ஒரு டப்பா வேண்டும்.

ஜெசிந்தா என்னைக் கொஞ்சம் வெளியே இருக்கச் சொன்னார். தாரணியோடு பேச வேண்டுமாம். கால் மணி நேரம் கழித்து உள்ளே கூப்பிட்டார்.

"புது டப்பா வேற வீட்டுலதான் வெக்கணும் அண்ணா. அந்த ஏத்தி வெச்சது ஆளுக்கு இல்ல, வீட்டுக்கு. உங்க குரல் பக்கத்துல கேட்டாலே பழசு வந்து ஒட்டிக்கும். அக்கா தங்கச்சி வீடு கோபியில இருக்காமே, அங்க இருக்கட்டும்."

"எத்தனை நாள்?"

"இருக்கட்டும்."

"சரிங்க, நான் வாரத்துல மூணு நாள் போய்ப் பாத்துட்டு..."

"வேண்டாம் அண்ணா."

"ஞாயித்துக்கிழமை மட்டும்?"

அவர் இல்லை என்று தலையை அசைத்தார்.

"வாயே தொறக்க மாட்டேனுங்க. திண்ணையில சும்மா உக்காந்திருந்துட்டு வந்தர்றேன். மாசத்துக்கு ஒருக்கா. ஒரு மணி நேரம். அரை மணி நேரம்."

"ஏனுங்க" என்றாள் தாரணி. அவ்வளவுதான் சொன்னாள். என் கையைப் பிடித்துக்கொண்டாள். நான் இறங்குவதை நிறுத்தினேன்.

வீட்டுக்கு வந்து அவள் துணி எடுத்து வைத்தாள். நான் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்திருந்தேன். ஒன்பது புடவை எடுத்தாள். கோபி முக்கால் மணி நேரத் தூரம்தான், வேண்டுமானால் மறுபடி வந்து எடுத்துக்கொள்ளலாம் என்றேன். குளிர்காலச் சால்வையையும் எடுத்து உள்ளே வைத்தாள். அப்போது மாசி மாசம்.

"என் மேல கோவமா?"

"இல்லீங்க" என்றாள். அவள் சொன்னால் அது உள்ளதுதான். "எனக்காகத்தான் பேசினீங்க. எனக்குத் தெரியாதா? ஆனா மூணு வருசமா எங்காலு எப்படி இருக்குதுன்னு நீங்க டப்பாகிட்டச் சொன்னீங்க, டப்பா உங்ககிட்டச் சொல்லுச்சு. ஒருத்தராச்சும் எங்கிட்டக் கேட்டீங்களா?"

பெட்டியின் பூட்டை இரண்டு தடவை அமுக்கிப் பார்த்தாள்.

"நான் ஒண்ணு சொன்னா, அது நான் சொன்ன அளவுலயே நிக்கற எடத்துல கொஞ்ச நாள் இருந்து பாக்கறேனுங்க."

அவள் தங்கை வெண்ணிலா கார் கொண்டு வந்தாள். என்னிடம், "வாரனுங்க மாமா" என்றாள், என் முகத்தைப் பார்க்காமல். தாரணி முன் சீட்டில் ஏறிக்கொண்டு கண்ணாடியை இறக்கினாள். "பால்காரருக்கு அரை லிட்டர் போதும்னு சொல்லிருங்க" என்றாள்.

மாசி போனது, ஆனி வந்தது. தினமும் சாயந்திரம் ஆறு மணிக்குப் போன் வரும். தெருவுக்கு வந்து நின்று பேசுவாள், என் குரல் டப்பாவுக்குக் கேட்டுவிடக் கூடாதே என்று. பின்னால் பஸ் சத்தம் கேட்கும். புது மருந்து ஒத்துக்கொண்டது. நோய் படிப்படியாக இறங்கியது. ஒவ்வொரு மாச முடிவையும் அவளே படித்துக் காட்டினாள். நான் எதையும் குறைத்துக் கேட்கவில்லை. மண்டியில்கூடச் சொன்ன விலைக்கே தலையாட்ட ஆரம்பித்துவிட்டேன். ஆட்கள் எனக்கு உடம்பு சரியில்லையோ என்று விசாரித்தார்கள்.

போன வாரம் பழைய டப்பாவை எடுத்துப்போக ஆள் வந்தார். லோகேஷ் என்று சட்டையில் போட்டிருந்தது. முப்பது வயசு இருக்கும், நல்ல பேச்சுக்காரர்.

"ஏனுங்ணா, நல்லாத்தான இருக்குது? எதுக்குத் திருப்பறீங்க?"

"எம் பேச்சுக் கேட்டுக் கெட்டுப்போச்சுங்க. நம்ம வீட்டுச் சொல்லுக்கு ஏத்தி வெச்சிருக்குதாம். அதனால அம்மிணி வேற வீட்டுல இருக்குது."

அவர் சிரித்தார். "அட, அதுக்கா? வீட்ட மாத்தச் சொல்லி யாருங்ணா சொன்னது? கீழ பாருங்க, இந்தப் பொத்தான அஞ்சு நொடி அமுக்கினாப் போதும். பழசெல்லாம் போயிரும். பொறந்த கொழந்தையாட்டம் ஆயிரும். வாரத்துக்கு நாலு வீட்டுல இதே வேலைதான் எனக்கு."

"ஆஸ்பத்திரியில அவங்களுக்கு இது தெரியாதுங்களா?"

"சிஸ்டருகளுக்கா? அவங்கதான எங்களையே கூப்படறது!"

அமுக்கிக் காட்டினார். டப்பா ஒரு தடவை கண் சிமிட்டிவிட்டு, முதல் நாள் பேசிய அதே அன்னியக் குரலில், "வணக்கம். உங்கள் பெயர் என்ன?" என்றது.

அவர், "சொல்லுங்ணா, சும்மா ஒரு சோதனைக்கு" என்றார்.

"பூபதி."

"இன்று உங்களுக்கு எப்படி இருக்கிறது, பூபதி? பூஜ்யம் முதல் பத்துக்குள் சொல்லுங்கள்."

"பத்து" என்றேன்.

"பத்து. பதிந்துகொண்டேன்" என்றது. ஒரு வார்த்தை திருப்பிக் கேட்கவில்லை.

லோகேஷ் சிரித்துக்கொண்டே ஒயரைச் சுற்றினார். "வேணும்னா இங்கயே விட்டுட்டுப் போகட்டுங்களா? அம்மிணி நாளைக்கே வந்தர்லாம்."

"வேண்டாம். எடுத்துட்டுப் போங்க."

"ஏனுங்ணா?"

"எடுத்துட்டுப் போங்க சாமி."

சாயந்திரம் ஆறு மணிக்குப் போன் வந்தது.

"டப்பாவ எடுத்துட்டுப் போயிட்டாங்களா?"

"போயிட்டாங்க."

ஒரு பஸ் கடந்து போகும் சத்தம் கேட்டது.

"வந்தவரு ஏதாச்சும் சொன்னாருங்களா?"

"ஒயரச் சுத்தினாரு, கொண்டு போனாரு. என்ன சொல்லப் போறாரு?"

"ம்."

"உனக்கு எப்படி இருக்குது?"

"மூணுங்க. காத்தால மூணுன்னு சொன்னேன். மூணுன்னே எடுத்துக்குச்சு." சொல்லும்போது அவள் குரலில் ஒரு நிம்மதி இருந்தது. நான் அதை எங்கள் வீட்டில் கேட்டதில்லை. "நீங்க சாப்டீங்களா?"

"சாப்டேன்."

"ஏனுங்க..." என்று ஆரம்பித்தாள். வாத்தியார் வீட்டுப் பெண்ணுக்கு அந்த வாக்கியம் கஷ்டமாக இருந்தது. ஒவ்வொரு வார்த்தையாக எடுத்து வைத்தாள். "சிஸ்டர் என்ன சொல்றாங்கன்னா... இன்னும் கொஞ்ச நாளு... அடுத்த சித்திரை வரைக்கும் இங்கயே இருக்கோணுமாட்ட இருக்குதுங்க."

"இரு, கண்ணு."

"சித்திரைக்கு அப்புறமும் எப்படின்னு..."

"இரு."

அவள் போனை வைக்கவில்லை. நான் ஏதாவது சொல்வேன், ஐப்பசி என்பேன், தை என்பேன், ஒரு நாளாவது குறைத்துக் கேட்பேன் என்று காத்துக்கொண்டு நின்றாள்.

நான் கேட்கவில்லை.